கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு கயிறு

ஊத்துக்கல் தோட்டம், மேற்கணக்கு,
பதுளை.
10.03.2002

பேரன்புக்கும் பெருந்தூரத்துக்கும் உரிய வதனி அக்காவுக்கு,

இங்கே அம்மா நலம், அப்பா நலம், ஆடு நலம், நான் தேவைக்கு அதிகமாகவே நலம். அங்கே சிட்னியில் நீ நலமா, நீ துரத்திக்கொண்டு திரியும் வெளிச்சம் நலமா?

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் சத்தமாக வாசித்தேன். "தங்கச்சிக்கு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து உடனே வாங்கிக் கொடுக்கவும், அவள் கால் ரொம்பப் பாவம்" என்ற வரியை நீ எழுத மறந்திருந்தாய். நான் சேர்த்து வாசித்தேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "இது பெரியவ எழுதினது இல்ல. அவளுக்குப் பொய் எழுத வராது. இது உன் சரக்கு," என்றாள். ஆனாலும் சிரித்தாள். கடிதத்தை இப்படிக் குடு, நான் வாசிக்கிறேன் என்று அப்பா கை நீட்டினார். "நீங்க வாசிச்சா காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு கூப்பிடுற மாதிரி இருக்கு. சின்னவளே வாசிக்கட்டும்," என்று அம்மா மறித்துவிட்டாள். ஆகவே உன் கடிதங்களுக்கு ஏக வாசகி நான். என்னைக் கவனித்துக்கொள்.

அக்கா என்ன படிக்கிறாள் என்று வகுப்பில் டீச்சர் கேட்டார். ஆகாயத்தில் லைன் பார்க்கிறாள் என்றேன். வகுப்பே சிரித்தது. லைன் வீட்டில் பிறந்தவள் லைனைத்தானே பார்ப்பாள்? உண்மையில் என்னதான் செய்கிறாய், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இங்கேயும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நம் லைன் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் பின்னால், மிளகாய்ப் பாத்தியைக் கிழித்துக்கொண்டு நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அப்பா மண் போட்டு மூடினார். மறுபடி திறந்துகொண்டது. ஆராய ஆள் தேவை, சம்பளம் மிளகாய்.

உன் வாசகியும் தணிக்கை அதிகாரியுமான,
விஜிதா


சிட்னி
02.04.2002

அன்புள்ள விஜி,

நான் நலம், பிழை எல்லைக்குள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? அப்பா ஃபேக்டரியில் இரவு வேலையை விட்டாரா, இல்லையா? நீ அதை மட்டும் எழுதுவதில்லை.

நான் செய்வது இதுதான். மிக மிகத் தூரத்தில் சில வெளிச்சங்கள் இருக்கின்றன. அவை புறப்பட்டபோது பூமியே இல்லை. வருகிற வழியில் ஒரு வாயு மேகத்தைக் கடந்தால், அந்த மேகம் வெளிச்சத்தில் கறுப்புக் கோடுகளைப் போட்டு அனுப்பும். எந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அதை மாறிலி என்கிறோம். இங்கே, அங்கே, அன்று, இன்று, எப்போதும் அது ஒன்றுதான் என்று நம்புகிறோம். நம்பினால் போதுமா? அதைச் சோதிப்பதுதான் என் வேலை.

அந்த எண் கொஞ்சம் மாறியிருந்தாலும் இரும்பு போடும் கோடுகள் இடம் நகரும். மக்னீசியம் போடும் கோடுகள் அநேகமாக அசையாது. ஆகவே அசையாததை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அசைவதை மறு கையால் அளக்கிறேன். அசையாத ஒன்று இல்லாமல் எதையும் அளக்க முடியாது, விஜி. இதை மட்டும் புரிந்துகொண்டால் என் படிப்பில் பாதி உனக்கு வந்துவிட்டது.

அந்த வெடிப்பைப் பற்றி ஆபீசில் சொன்னீர்களா?

அன்புடன்,
வதனி


ஊத்துக்கல்
28.05.2002

பாதிப் படிப்பை இலவசமாகக் கொடுத்த அக்காவுக்கு,

அம்மா நலம், முழங்கால் சுமார். அப்பா நலம், இரவு வேலையை விடவில்லை. ஆடு நலம். நான் இப்போது பதவியில் இருப்பதால் நலத்துக்கு நேரமில்லை.

மாறிலி என்ற சொல்லை அம்மாவுக்கு விளக்கினேன். நம் வீட்டில் மாறிலி அம்மாதான் என்றேன். பெயர் மாரியாயி, ஆள் மாறாயி. அகப்பைக் காம்பு என் தலையில் மாறாமல் விழுந்தது.

இனி விஷயம். சித்திரை மழைக்குப் பிறகு வெடிப்பில் ஒரு கோழி விழுந்தது. ஆபீசில் சொன்னோம். பதுளையிலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள். லயம் நகர்கிறதா என்று அளந்துகொண்டே இருங்கள், நகர்ந்தால் சொல்லுங்கள், வேறு இடத்தில் குடியேற்ற எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார்கள். யார் அளப்பது என்று லயத்தில் கூட்டம் போட்டார்கள். "எங்க அக்கா பிரபஞ்சத்தையே அளக்குறா, இந்த லயத்த நான் அளக்க மாட்டேனா?" என்று எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை.

எதிலிருந்து அளப்பது என்று தலைவர் தனேஸ்வரன் மாமா கேட்டார். பலா மரத்திலிருந்து என்றார்கள். மரம் வளரும் என்றேன். தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து என்றார்கள், பீலியை மாதம் ஒருமுறை மாற்றிக் கட்டுகிறோம் என்றேன். அசையாத ஒன்றுதான் வேண்டும், அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன். சொல்லி வைத்த மாதிரி எல்லார் வாயிலும் ஒரே பதில் வந்தது: கோயில். இந்தத் தோட்டத்தில் எதையும் கோயிலிலிருந்துதானே எண்ணுகிறோம். இன்னார் வீடு கோயிலுக்கு மேலே மூன்றாவது, இன்னார் பாத்தி கோயிலுக்கு இந்தப் பக்கம். "ஆத்தா எடம் மாற மாட்டா. நாமதான் ஆடுவோம்," என்றார் மாமா.

கோயில் கருங்கல் படியிலிருந்து நம் லயத்துக் கடைசிச் சுவர் வரைக்கும் கயிறு பிடித்து முடிச்சுப் போட்டேன். தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும். அதனால் பதுளை ஸனூஸ் நானா கடையில் நைலோன் கயிறு வாங்கினேன். உன் தங்கச்சி என்றால் சும்மாவா? பூசாரி கயிற்றுக்கு மஞ்சள் தடவினார். வாராவாரம் அளக்கிறேன். ஒரு விரல் அகலம்கூட மாறவில்லை.

லய ஆராய்ச்சி நிலையப் பணிப்பாளர்,
விஜிதா


சிட்னி
20.06.2002

அன்புள்ள பணிப்பாளருக்கு,

நான் நலம். உங்கள் எல்லாருடைய நலமும் வேண்டும், குறிப்பாக அந்த முழங்காலின் நலம்.

உன் கடிதத்தை என் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நனைந்தால் சுருங்கும் கயிற்றை நீ ஒதுக்கியதைக் கேட்டு, என்னைவிட நீ கவனமானவள் என்றார். கோயிலை எடுத்தது நல்ல யோசனை. நம் தோட்டத்தில் அதைவிட அசையாதது என்ன இருக்கிறது? எப்போதும் அதே கயிறு, அதே ஆள், அதே முடிச்சு. மாற்றாதே.

ஓர் இரகசியம். என் கோடுகள் நகர்ந்திருக்கின்றன. மிகக் கொஞ்சம். ஆனால் பார்த்த வெளிச்சங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கின்றன. மெய்யென்றால் அந்த எண் எங்கும் ஒன்றல்ல. பேராசிரியர் தூங்குவதில்லை. நானும்தான். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, மருந்து அனுப்புவாள்.

அன்புடன்,
வதனி


ஊத்துக்கல்
18.08.2002

பிரபஞ்சத்தை நகர்த்திவிட்டு நித்திரை கெட்டிருக்கும் அக்காவுக்கு,

அம்மா நலம். உனக்காகக் கொத்தமல்லித் தூள் இடித்திருக்கிறாள். அப்பா நலம். ஆடு நலம், விலாசம் மட்டும் மாறிவிட்டது.

ஆடு கதை முதலில். கொட்டில் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. ஆசாரியைக் கூப்பிட்டால், மரம் பச்சை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் வீட்டுக் கதவும் அப்படித்தான். இப்போது தோளால் இடித்துத் திறக்கிறோம். ஆட்டுக்குத் தோள் பலம் போதாது. அதனால் அப்பா அதை ஓடைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி விறகுக் கொட்டிலில் கட்டியிருக்கிறார்.

கயிறு அப்படியே இருக்கிறது. முடிச்சு சுவரில் போட்ட குறியில் கச்சிதமாக வந்து உட்காருகிறது. ஆனால் வெடிப்பு அகலமாகிறது. இது எப்படி என்று கூட்டத்தில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் தீர்ப்புச் சொன்னேன்: கோயில் அசையாது, லயம் கோயிலை விட்டு அசையவில்லை, ஆகவே நாம் நிற்கிறோம், மலைதான் பின்வாங்குகிறது. என்னைக் கண்டு பயந்து போகிறது. சிரித்தார்கள். தனேஸ்வரன் மாமா இதை ஆபீசில் போய்ச் சொன்னார். கிளாக்கர் ஐயா தோட்டத்துத் தொரையிடம் சொன்னார். லயம் நகரவில்லை என்று பதுளைக்கு எழுதிப் போட்டாயிற்று. இடம் மாற்றும் பேச்சு முடிந்தது. புது இடத்தில் தண்ணீர் இல்லை, கோயில் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்கு எனக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்தாள்.

பீலித் தண்ணீர் தேநீர் நிறத்தில் வருகிறது. தேயிலைச் செலவு மிச்சம்.

வெற்றி வீராங்கனை,
விஜிதா


ஊத்துக்கல்
06.10.2002

மௌன விரதம் பூண்டிருக்கும் அக்காவுக்கு,

எல்லாரும் நலம். முன்பு ஒவ்வொருவராக எழுதினேன், நீ பதில் போடவில்லை. அதனால் இந்த முறை மொத்தமாக.

தபால் வந்தால் அம்மா கொழுந்து பறித்து மலையிலிருந்து இறங்கும்போதே, "பெரியவ போட்டாளா?" என்று கேட்கிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல் உன் பழைய கடிதத்தை எடுத்துப் புதிது போல வாசித்தேன். பேராசிரியருக்குக் கல்யாணம் என்றும், பந்தியில் நீ வடை பரிமாறினாய் என்றும் சேர்த்தேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "வடை நல்லா இருந்திச்சு. இப்ப நெசத்தச் சொல்லு, அவளுக்கு என்ன?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

உன் கோடுகள் சுகமா? என் கயிறு சுகம்.

விஜி


சிட்னி
14.11.2002

விஜி,

நான் நலம். அம்மா நலமா, அப்பா நலமா, நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம். செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஒரு சிறுகோளில் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சத்தை அதே கருவியில் பார்த்தேன். சூரியன் நமக்குப் பக்கத்து வீடு. அதன் கோடுகள் எங்கே இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிலும் அதே நகர்வு. என் பிரபஞ்சம் மாறவில்லை, விஜி. அளவுகோலாக நாங்கள் வைத்திருந்த விளக்கின் வெளிச்சம் கருவிக்குள் கொஞ்சம் வேறு பாதையில் விழுந்திருக்கிறது. நகர்ந்தது அளவுகோல். அசையாதது என்று நான் பிடித்துக்கொண்டிருந்ததே அசைந்திருந்தது.

நேற்று பஸ்ஸில் போகும்போதுதான் கோயில் நினைவுக்கு வந்தது. உன் ஆகஸ்ட் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். கோயில் எங்கே இருக்கிறது? லயத்துக்குக் கீழே, அதே சரிவில். ஒரு பாயின் மேல் இரண்டு தம்ளரை வைத்துப் பாயை இழுத்தால் தம்ளர்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறுமா? வெடிப்பு அகலமாகிறது என்றால் மலை பின்வாங்கவில்லை. நீங்கள் இறங்குகிறீர்கள். கோயிலும் உங்களோடு இறங்குகிறது. நானும் கோயில் சரிதான் என்று எழுதினேனே.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரிச் சுவரிலிருந்து கோயிலை அளந்து பார். அளந்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மழை பிடிக்கும் முன் அம்மாவையும் லயத்து ஆட்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆபீசுக்குப் போன் எடுத்தேன். யாரோ எடுத்து, "ஒங்க வீட்டுல எல்லாரும் சொகம்," என்று வைத்துவிட்டார். ஒருவேளை நான் வீணாகப் பயப்படுகிறேனோ என்னவோ. அப்படியென்றால் ஆயுள் முழுக்க என்னைக் கேலி பண்ணு.

இதை அம்மாவுக்கு வாசிக்கும்போது ஒரு வரியும் சேர்க்காதே.

வதனி


மே/பா. ஸனூஸ் நானா கடை,
பதுளை.
03.12.2002

கடைசியில் வாய் திறந்த அக்காவுக்கு,

நான் நலம், பதுளையில். அம்மாவும் அப்பாவும் ஆடும் அவரவர் இடத்தில் நலம். விலாசத்தைப் பார்த்துப் பயப்படாதே. மழையில் பாதை உடைந்து தோட்டத்து பஸ் ஓடவில்லை. பரீட்சை முடியும்வரை என் சிநேகிதி ஸுபைரா வீட்டில் தங்கியிருக்கிறேன். அவள் வாப்பாதான் ஸனூஸ் நானா, கயிறு விற்றவர். நோன்பு காலம். மாலையானால் அவள் உம்மா ரஹ்மத்தும்மா மாமி எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி வைத்துவிடுகிறார். நோன்பு பிடிக்காமலே நோன்பு திறக்கிறேன்.

நேற்று அப்பா அரிசி வாங்க டவுனுக்கு நடந்தே வந்தார். உன் கடிதம் வந்திருக்கிறதாம். கொண்டு வந்திருக்கலாமே என்றேன். அம்மா விடவில்லையாம். அப்பா பிரிக்கப் போனபோது, "வைங்க. சின்னவ வந்து வாசிக்கட்டும். அவ வாசிச்சாத்தான் கடுதாசி மாதிரி இருக்கு," என்று பிடுங்கி அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாளாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பரீட்சை முடிந்து போய் வாசிப்பதும் ஒரு ருசிதான். என்னென்ன சேர்ப்பது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.

கயிறு பிடிக்கும் வேலையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். சரியாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

மழை விடவே இல்லை.

பரீட்சார்த்தி,
விஜிதா


தோட்டப் பாடசாலை,
ஊத்துக்கல்.
29.12.2002

அக்காவுக்கு,

அப்பா நலம். ஆடு நலம். நான் நலம்.

கிளாக்கர் ஐயா உனக்குப் போனில் சொன்னாராம். டிக்கெட் கிடைத்ததும் வருகிறேன் என்று மட்டும் நீ சொன்னாய் என்றார். போனில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன். இதில் எதையும் சேர்க்கவில்லை.

பெரட்டுக்குப் போகும் முன், விடிகிற நேரம். எல்லாரும் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நேரம். அப்பா ஃபேக்டரியில் இருந்தார். லாரி மண் கொட்டுவது போல சத்தம் கேட்டதாம். வெளியே ஓடி வந்து பார்த்தால், ஓடைக்கு அந்தப் பக்கம் லயம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெடிப்புக்குக் கீழே இருந்த சரிவு முழுவதும் அப்படியே வழுக்கி ஓடைக்கரைக்கு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே மேலே இருந்த மண் வந்து மூடியது. அம்மாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். கீழ்க்கணக்கு மயானத்தில்தான் எல்லாரையும். தனேஸ்வரன் மாமாவும் அங்கேதான். ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக வைத்தோம், லயத்தில் இருந்த வரிசைப்படி. இடம் மாற வேண்டும் என்று எல்லாருக்கும்தான் சொன்னார்கள். ஆடு மட்டும் மாறியது.

எனக்கு ஒரு பேப்பர் மிச்சம் இருந்தது. விஞ்ஞானம். எழுதவில்லை.

நேற்று ஓடைக்கரைக்குப் போனேன். மண் மேட்டுக்குள்ளிருந்து நம் கடைசிச் சுவர் மட்டும் வெளியே தெரிகிறது. அதில் நான் போட்ட குறி இருக்கிறது. அதற்குக் கீழே, ஓடைப் பக்கம், கோயில் கருங்கல் படி. உடையவே இல்லை. கயிறு படியில் கட்டினபடியே சேற்றில் கிடந்தது. எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு குறியில் வந்து உட்கார்ந்தது, அக்கா. ஒரு விரல் அகலம்கூட மாறவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "போதும், வா," என்றார்.

அளந்தது நான். மலை பின்வாங்குகிறது என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்ததும் நான். இங்கே யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, "சாப்பிடு," என்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா எனக்காகப் பிரிக்காமல் வைத்திருந்தாளே, அந்தக் கடிதம் மண்ணுக்குள் போய்விட்டது. அதை அவள் தினமும் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள் என்று அப்பா சொன்னார். அதில் என்ன எழுதியிருந்தாய்? உனக்குப் பொய் எழுத வராது. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

விஜிதா


சிட்னி
11.01.2003

அன்புள்ள விஜி,

அப்பா நலமா? ஆடு நலமா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் இருக்கிறேன்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. இருபத்தாறாம் திகதி பதுளை ரயிலில் வருவேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வந்தால் போதும்; அப்பாவை அலைக்காதே. கயிற்றை அப்பாவிடம் கொடுத்துவிடு. இனி எதையும் அளக்காதே.

கோயில் சரி என்று சொன்னது நான். என் பேராசிரியரும் சரி என்றார். அதை மறக்காதே.

அந்தக் கடிதத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை, விஜி. வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை என்று எழுதியிருந்தேன். பரீட்சையை நன்றாக எழுது என்று எழுதியிருந்தேன். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், நீல நிறம், கழுத்தில் பூ போட்டது என்று எழுதியிருந்தேன். நீ வாசித்திருந்தால் சப்பாத்துக்காக ஒரு வரி சேர்த்திருப்பாய். அம்மா சிரித்திருப்பாள்.

அவ்வளவுதான் இருந்தது.

அன்புடன்,
அக்கா